சுமை ஏற்றினால் உதறும் பிக்கப் வண்டி: உற்பத்தி நிறுவனத்திற்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
வண்டியின் உரிமையாளர்,
காவேரிப்பட்டணம் வட்டாரம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பிக்கப் வாகன உற்பத்தி நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

நாள்: 18.11.2024

பொருள்: ஐந்து முறை பணிமனையில் விட்டும் தீராத உதறல் – சுமையுடன் சோதித்துப் பழுதை நிரந்தரமாக நீக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பும், கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தக்காளியும் வைத்திருக்கும் விவசாயி. 2023 ஆகஸ்ட் மாதம் தங்கள் நிறுவனத்தின் டீசல் பிக்கப் வண்டியைக் கிருஷ்ணகிரியில் உள்ள விற்பனை நிலையத்தில் புதிதாக வாங்கினேன். வண்டியை நானே ஓட்டுகிறேன். மா பருவத்தில் பெங்களூரா காய்களை மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும், மற்ற மாதங்களில் என் தக்காளியையும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் தக்காளியையும் ராயக்கோட்டை, ஓசூர், சேலம் சந்தைகளுக்கும் கொண்டுபோகிறேன். 1,300 கிலோ சுமை ஏற்றலாம் என்று தங்கள் விளக்கக் கையேடு சொன்னதை நம்பியே இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அளவுக்கு மேல் ஒருநாளும் ஏற்றியதில்லை. வழக்கமாக 25 கிலோ தக்காளி பிடிக்கும் பெட்டிகள் 45 ஏற்றுவேன். பெட்டிகளின் எடையைச் சேர்த்தாலும் 1,250 கிலோவைத் தாண்டாது. இதை முதலிலேயே குறிப்பிடக் காரணம், பணிமனையில் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி “ஓவர்லோடு ஏற்றினீர்களா?” என்பதுதான்.

2024 ஜனவரியில், வண்டி 7,900 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, இந்த உதறல் தொடங்கியது. சுமையுடன் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரைத்தகட்டுக்குக் கீழிருந்து, கல் நிறைந்த பாதையில் போவதைப் போன்ற அதிர்வு எழுகிறது; 25 கிலோமீட்டர் வேகம் வரை அது நீடித்து, அதன் பிறகு அடங்குகிறது. பிறகு 55க்கும் 65க்கும் இடையில் அதே இடத்திலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கிறது. சமதளத்தில் உதறல் சில நொடிகளில் கடந்துபோகும். ஆனால் கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் உள்ள மேலுமலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போதும், சேலத்திலிருந்து புண்ணாக்கு மூட்டைகளுடன் திரும்பி தொப்பூர் கணவாயில் இரண்டாம் கியரில் ஏறும்போதும் வண்டி அந்த 10 முதல் 25 வேகத்திலேயே இருக்க வேண்டியிருப்பதால், ஏற்றம் முடியும்வரை உதறல் நிற்பதே இல்லை. காலி வண்டியில் இது மிக மெலிதாகவே தெரிகிறது. தெரியாதவர் கவனிக்கவும் மாட்டார்.

முதல் முறை ஜனவரியில் வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்து அனுப்பினார்கள். மார்ச் மாதம் எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களை மாற்றினார்கள். இரண்டிலும் பயனில்லை. மூன்றாம் முறை ஜூன் முதல் வாரம், காய் இறக்கம் உச்சத்தில் இருந்தபோது, வண்டியை நான்கு நாட்கள் வைத்திருந்து கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் மாற்றிவிட்டு, கிளட்ச் தேய்மானப் பொருள் என்பதால் வாரண்டியில் வராது என்று கூறி என்னிடம் 13,850 ரூபாய் வாங்கினார்கள். கழற்றிய பழைய பிளேட்டை நான் கேட்டுப் பார்த்தேன். அதில் எண்ணெய்ப் பசையோ கருகலோ இல்லை. தடிமனும் பெரிதாகக் குறையவில்லை. அன்று மாலை தோப்பிலிருந்து சுமை ஏற்றிப் புறப்பட்டதும் உதறல் அப்படியே இருந்தது.

நான்காம் முறைதான் பழுதின் அருகே யாரோ வந்தார்கள். ஆகஸ்ட் மாதம் வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் ஒருவர், எஞ்சினின் இழுவையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருப்பதைக் கண்டு, பேரிங்கை வாரண்டியில் மாற்றினார். அதன் பிறகு ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் வரை வண்டி நன்றாக ஓடியது. அந்த மூன்று வாரங்களும் நான் அடைந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. செப்டம்பரில் உதறல் மீண்டும் வந்தது. அக்டோபரில் ஐந்தாம் முறை வண்டியை விட்டபோது, புதிதாகப் போட்ட பேரிங்கின் ரப்பரும் அதே பக்கத்தில் கிழிந்திருந்தது. மூன்று மாதத்திற்குள் ஒரே பாகம் இரண்டு முறை கிழிகிறதென்றால், அதைக் கிழிக்கும் வேறொன்று இருக்கிறது என்று கருதுவதே முறை. ஆனால் பணிமனையில் இன்னொரு பேரிங்கை மாற்றிவிட்டு, “இது இந்த மாடலின் இயல்பு சார், எல்லா வண்டியிலும் கொஞ்சம் இருக்கும், ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை” என்று சொல்லி அனுப்பினார்கள். இக்கடிதம் எழுதும் இன்று வண்டி 31,400 கிலோமீட்டரில் இருக்கிறது, உதறலும் இருக்கிறது.

“ஓட்டிப் பார்த்தோம்” என்ற அந்தச் சொல்லில்தான் என் முழு மனக்குறையும் அடங்கியிருக்கிறது. ஐந்து முறையும் வண்டியைக் காலியாகவே, பணிமனைக்கு முன்னால் உள்ள சமமான சர்வீஸ் சாலையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். சுமையுடன் ஏற்றத்தில் வரும் பழுதைக் காலி வண்டியில் சமதளத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொரு முறையும் நான் சர்வீஸ் அட்வைசரிடம், “ஒருமுறை சுமையோடு மேலுமலை வரை என்னுடன் வாருங்கள்” என்று கேட்டேன். சரக்குடன் சோதனை ஓட்டம் போக அனுமதி இல்லை என்று மூன்று முறையும், ஆள் இல்லை என்று இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். பணிமனையில் குறைகளை எழுதிவைக்கும் ஜாப் கார்டிலும் நான் சொன்ன “சுமையுடன் புறப்படும்போது 10 முதல் 25 வேகத்தில் உதறல்” என்ற வார்த்தைகள் ஒருமுறைகூட இடம்பெறவில்லை; “பொதுச் சோதனை”, “அதிர்வு சரிபார்க்கவும்” என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

நான் பொறியாளர் அல்லன். ஆனால் வண்டியோடு தினமும் இருப்பவன் என்ற முறையிலும், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் என் தம்பி மகனின் உதவியோடும் நாங்கள் பார்த்தறிந்தவற்றைத் தங்கள் பொறியாளர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் அதிர்வு இல்லை. உதறல் கிளட்ச்சால் வந்தால், பெடலை விடும் அந்தச் சில கணங்களில் வந்து, கால் முழுவதும் எடுத்ததும் நின்றிருக்க வேண்டும். இங்கே கால் எடுத்த பிறகும், 25 வேகம் வரை தொடர்கிறது. 60 வேகத்தில் கிளட்ச்சை மிதித்து எஞ்சினை ஐட்லிங்குக்கு விட்டாலும் ரீங்காரம் குறையவில்லை. ஆகவே இது எஞ்சினிலோ கிளட்ச்சிலோ இல்லை, அவற்றுக்குப் பின்னால் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பாகங்களில் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது.

அடுத்து, டயரின் சுற்றளவை டேப்பால் அளந்தோம். 2 மீட்டர் 10 சென்டிமீட்டர் இருந்தது. 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 5.5 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்வதால், சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 2.6 முறை சுற்றுகிறது. பின் அச்சின் கூடான ஹவுசிங்கில், ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்கு மாற்றும் கிரவுன், பினியன் பல்சக்கரங்களின் பற்களின் விகிதம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்பதால், புரொப்பல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 10.6 முறை சுற்ற வேண்டும். ஷாஃப்ட்டை மற்ற பாகங்களோடு இணைக்கும் மூட்டான கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும் என்று தம்பி மகன் தன் பாடப்புத்தகத்தில் காட்டினான். அப்படியானால் நொடிக்கு 21 தடவைக்கு மேல் அதிர வேண்டும். கைப்பேசியை இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒட்டி, அதிர்வை அளக்கும் செயலியில் பதிவுசெய்தபோது, 20 வேகத்தில் 21க்கும் 22க்கும் இடையில் காட்டியது. சக்கரத்தின் பேலன்ஸ் குறைபாடாக இருந்திருந்தால் அந்த எண் மூன்றைக்கூட எட்டியிருக்காது. கைப்பேசி அளவீடு ஆய்வகக் கருவிக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் இந்தப் பொருத்தம் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாக லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனும் இதையே வேறு விதமாகச் சொன்னார். சுமை ஏறியதும் பட்டை ஸ்பிரிங் அமுங்கி ஹவுசிங்கின் நிலை மாறுகிறது. புறப்படும்போது இழுவை முழுவதும் பின்னால் போவதால் பினியன் இருக்கும் மூக்குப் பகுதி மேல்நோக்கித் திருகுகிறது. எனவே காலி வண்டியில் ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் நிற்கும் கோணம் ஒன்று, சுமையோடு புறப்படும்போது நிற்கும் கோணம் வேறு. சென்டர் பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட் சரியான உயரத்தில் இல்லாவிட்டாலோ, ஷாஃப்ட்டே நேராக இல்லாவிட்டாலோ, அந்தத் தள்ளல் முழுவதையும் நடு ரப்பர்தான் தாங்க வேண்டியிருக்கும். அது கிழிந்துகொண்டேதான் இருக்கும் என்றார். வாரண்டி போய்விடக் கூடாது என்பதால் அவர் எதையும் கழற்றவில்லை. ஷாஃப்ட்டின் துண்டுகளைச் சரியாகப் பொருத்துவதற்காக அதில் இட்டிருக்கும் அம்புக்குறிகள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தார், நேராகத்தான் இருந்தன.

இதை வெறும் வசதிக்குறைவாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது இந்த இரண்டு மாவட்ட மக்களும் அறிந்தது. அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், சிறிய கியரில் எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம். சென்டர் பேரிங்கோ கிராஸோ உடைந்து ஷாஃப்ட் கழன்றால், அந்த எஞ்சின் பிடி அக்கணமே போய்விடும். முன்பக்கம் கழன்ற ஷாஃப்ட் சாலையில் குத்தினால் என்ன ஆகும் என்பது தங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அக்டோபருக்குப் பிறகு நான் சேலத்துக்குச் சரக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். உடன் வரும் சுமைதூக்கும் பையன்களுக்கு நான்தான் பொறுப்பு.

இந்த ஐந்து முறையும் சேர்த்து வண்டி 11 நாட்கள் பணிமனையில் நின்றது. ஜூன் மாதத்து நான்கு நாட்களுக்கு மட்டும் வாடகை வண்டிக்கு 12,000 ரூபாய் கொடுத்தேன். பழுத்துவிட்ட காயைத் தொழிற்சாலை வாசலில் விலை குறைத்துத்தான் எடுப்பார்கள் என்பதால் காத்திருக்கவும் முடியவில்லை. வங்கித் தவணை மாதந்தோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே, தங்கள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, நான் உடனிருக்க, அனுமதிக்கப்பட்ட முழுச் சுமையுடன் வண்டியை மேலுமலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு ஷாஃப்ட்டின் நேர்த்தன்மையையும் பேலன்ஸையும், கிராஸ்களின் ஆட்டத்தையும், சென்டர் பேரிங் பிராக்கெட்டின் உயரத்தையும், சுமை ஏறிய நிலையில் ஜாயின்ட் கோணங்களையும் அளந்து, அந்த அளவுகளைத் தங்கள் நிறுவனம் வகுத்த வரம்புகளோடு சேர்த்து எழுத்தில் தர வேண்டும். குறை எதில் இருந்தாலும் அதைக் கட்டணமின்றி மாற்றி, மாற்றிய பாகங்களுக்குப் புதிதாக வாரண்டி தர வேண்டும். தேவையின்றி மாற்றப்பட்ட கிளட்ச்சுக்கு நான் செலுத்திய 13,850 ரூபாயையும், ஜூன் மாத வாடகை 12,000 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். அளந்து பார்த்த பின்னும் “இயல்பு” என்றே தாங்கள் கருதினால், அதையும் பொறியாளரின் கையொப்பத்துடன் எழுத்தில் தாருங்கள். வாய்மொழியாக அதை இனி நான் ஏற்க இயலாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். பிக்கப் வணிக வாகனம் என்பதால் எனக்கு அந்த உரிமை இல்லை என்று பணிமனையில் சொல்லப்பட்டது. சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் ஒரு பொருளைப் பயன்படுத்துபவரை அச்சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. குறையைக் கண்டறியப் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ஓடும்போது இந்த வண்டி நல்ல வண்டி. மைலேஜிலும் இழுவையிலும் எனக்குக் குறையில்லை.

போச்சம்பள்ளி சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளிலும் காலை ஆறு மணிக்கு வண்டியைத் தயாராக வைத்திருப்பேன். சோதனைக்கான 45 பெட்டிச் சரக்கையும் என் செலவிலேயே ஏற்றி, எடைமேடைச் சீட்டுடன் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: வாங்கிய ரசீது, ஐந்து ஜாப் கார்டுகள், கிளட்ச் பில், வாடகை ரசீதுகள் ஆகியவற்றின் நகல்கள்.