கண்காட்சிச் செய்தியில் ஓவியத்தின் படம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சி பற்றி உங்கள் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. அதில் படம் வைத்தவர்களில் நானும் ஒருவன், ஊர் பாம்பன். செய்தி போட்டதற்கு நன்றி. இந்தப் பக்கம் ஓவியத்தைப் பற்றி ஒரு பத்தி அச்சில் வருவதே அபூர்வம் என்பதால் மனதாரவே சொல்கிறேன். ஆனால் அந்தச் செய்தியில் தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், குத்துவிளக்கு ஏற்றியவர், வாழ்த்துரை வழங்கியவர், நன்றி கூறியவர் என்று எல்லோர் பெயரும் இருந்தது, வரைந்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. புகைப்படத்தில் பொன்னாடை தெரிந்தது, சுவரில் மாட்டியிருந்தது தெரியவில்லை. செய்தி வெளிவந்த காலையில் கண்காட்சியும் முடிந்துவிட்டது. படித்துவிட்டுப் பார்க்க வரலாம் என்று நினைத்தவர் யாராவது இருந்திருந்தால் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பார்.

எல்லா இதழ்களிலும் இதுதான் வழக்கம், உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. நான் பல வருடமாக வாசிக்கும் இதழ் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அந்த மண்டபத்தில் என்ன இருந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். கீழக்கரையிலிருந்து வந்த ஓர் இளம்பெண், அரபுத் தமிழ் எழுத்தை நாணல் பேனாவால் வரி மேல் வரியாக ஏற்றி, வாசிக்க முடிந்தும் முடியாமலும் ஒரு பெரிய தாளை நிரப்பியிருந்தார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமெல்லாம் பல தலைமுறை இருந்தது. அவருடைய பாட்டிக்கு அதை வாசிக்க வரும், இவருக்கு எழுத்தின் வடிவம் மட்டும்தான் வரும், நடுவில் தொலைந்துபோனதைத்தான் அவர் வரைந்திருக்கிறார். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு தம்பி, கரையில் ஒதுங்கிய கிழிந்த நைலான் வலைகளை முடிச்சு முடிச்சாகப் பிரித்து மறுபடி கட்டி, ஆள் உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தார். மீனவர்கள் வந்து முதலில் முடிச்சைத்தான் இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் படகுகளுக்குப் பெயர் எழுதிய பெரியவர் ஒருவர். ஸ்டிக்கர் வந்ததும் அவருக்கு வேலை குறைந்துவிட்டது, பழைய படகுப் பலகைகளில் எனாமல் பெயிண்டால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அந்தோணியார் துணை, முருகன் துணை, பிஸ்மில்லா, மூன்றும் ஒரே கையின் வளைவில். என்னைக் கேட்டால் அங்கே இருந்தவற்றில் மிகச் சிறந்தது அவருடைய வேலைதான். அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே 'பெயிண்டர்' என்று போட்டிருந்ததை மாற்றி 'ஓவியர்' என்று அச்சடித்தோம், அதை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் மட்டும் பல பேர் சட்டகத்தில் இருந்தது, பெரும்பாலும் சூரிய அஸ்தமனத்தோடு. 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்தது உண்மைதான். ஆனால் இன்றும் அங்கே குடிசை போட்டு, வலை வீசி, பிள்ளை வளர்க்கிற மக்கள் இருக்கிறார்கள். அவர்களை விலக்கிவிட்டுச் சுவரை மட்டும் வரைவது சுற்றுலாப் பயணியின் பார்வை. நம் ஊர்க்காரர்களே அதை வரையும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் வேலை கடற்பாசி. அச்சு எடுக்கிறேன். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு இரண்டையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து, வெயில் படாத அறையில் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். அதன் மேல் பாசியை விரித்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், வெயில் பட்ட இடம் கழுவியதும் ஆழ்ந்த நீலமாகும், பாசி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். முன்பு கட்டட வரைபடங்களுக்கு புளூ பிரிண்ட் எடுத்தார்களே, அதே முறை. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் தம் நாட்டுப் பாசிகளை இப்படி அச்செடுத்து வெளியிடத் தொடங்கிவிட்டார். நம் வெயிலுக்கு நடுப்பகலில் சில நிமிடம் போதும். கழுவுவதில்தான் சிரமம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் நீலம் வெளுத்துவிடும், அதனால் கொஞ்சம் வினிகர் சேர்த்துக் கழுவுகிறேன். இன்னொரு குணமும் உண்டு: இந்த நீலம் தொடர்ந்து வெளிச்சம் பட்டால் மங்கும், சில நாள் இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பி வரும். கரையில் ஒதுங்கியதை மட்டும்தான் எடுக்கிறேன். பவளத்தையும் சேர்த்து அச்செடுக்கலாமே என்று கேட்பவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம், அதை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இந்த அச்சுகளைச் சென்னையிலும் ஒரு குழுக் கண்காட்சியில் வைத்திருக்கிறேன். அங்கே வந்தவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள், நீலம் அழகாக இருக்கிறது என்றார்கள், படத்துக்குச் சட்டகம் எங்கே போட்டீர்கள் என்று கேட்டார்கள். ராமநாதபுரத்தில் நடந்தது வேறு. பாம்பன் பக்கத்திலிருந்து பாசி எடுக்கிற அக்காமார் சிலர் வந்தார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். கட்டக்கோரைப் பாசியின் அச்சுக்கு முன்னால் நின்ற ஓர் அக்கா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அலை அறுத்தது தம்பி. நாங்க கையால எடுத்திருந்தா அடி இப்படிப் பிய்ஞ்சு தொங்காது. அடியை விட்டுட்டுத்தான் எடுப்போம், அப்பத்தான் மறுபடி வளரும்" என்றார். இன்னொருவர் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, பக்கோடா பாசி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போய், எது தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) கிடைக்கும், எது வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) கிடைக்கும் என்று பிரித்தார். என் படத்தைப் பற்றி இதுவரை யாரும் அவ்வளவு துல்லியமாகப் பேசியதில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் அச்சின் பின்னாலும் எந்தக் கரை, கச்சான் காற்று வீசிய நாளா வாடைக் காற்று வீசிய நாளா என்று பென்சிலால் எழுதி வைக்கிறேன். அறுந்த அடிப்பகுதியைத் தாளின் ஓரத்தில் மறைக்காமல் நடுவில் வருகிற மாதிரி வைக்கிறேன். இந்தக் கடற்கரையில் செய்த வேலையை முதலில் இந்தக் கடற்கரையில்தான் காட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்தப் பிற்பகல்தான்.

நம் ஜனங்களுக்கு நவீன ஓவியமெல்லாம் எங்கே புரியும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்கள் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் ஒருமுறை நிதானமாக நடந்து பார்க்கட்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்தில் சுவர் முழுக்கத் தீட்டியவை. ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன, கூடவே தஞ்சை மராட்டியருடன் நடந்த போர் இருக்கிறது, சேதுபதியைச் சந்திக்க வந்த ஐரோப்பியர்கள் தொப்பியும் கோட்டுமாக இருக்கிறார்கள். தங்கள் காலத்தில் நடந்ததைத் தங்கள் சுவரில் வரைந்திருக்கிறார்கள், அன்றைக்கு அது சமகால ஓவியம்தானே. இதே மாவட்டத்து அழகன்குளத்தின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் யாரோ ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார், அவர் கண்ணால் பார்த்த கப்பலாகத்தான் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், வரைவதற்கு ஆள் இருந்தும் மாட்டுவதற்கு ஒரு சுவர் இல்லை.

உண்மையாகவே இல்லை. கல்யாண மண்டபத்தில் ஆணி அடிக்க விட மாட்டார்கள், ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித்தான் படத்தைத் தொங்கவிட்டோம். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, படத்துக்குப் பதில் பார்ப்பவர் முகம்தான் தெரிந்தது. மேற்கு ஜன்னல் வெயிலில் என் அச்சுகள் மங்கத் தொடங்கின, பழைய துப்பட்டாவைத் திரையாகக் கட்டினோம். உப்புக்காற்றில் இரும்புக் கிளிப் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும், அதனால் எல்லாவற்றையும் பித்தளைக்கு மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. ஆகவே நாங்கள் கேட்பது பெரிய மாளிகை கிடையாது. பயன்படாமல் கிடக்கும் ஒரு அரசுக் கட்டடத்தின் ஓர் அறை, சுவரின் மேல்விளிம்பில் துருப்பிடிக்காத ஒரு கம்பி, திருப்பி வைக்கக்கூடிய நாலைந்து விளக்கு, காற்றோட்டம், மாலை வரை திறந்து வைக்க ஒரு ஆள். 2012 டிசம்பரில் கொச்சியில் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி தொடங்கியபோது கோட்டைக் கொச்சியின் பழைய கிடங்குகளில்தான் நடத்தினார்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளியில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கி, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத் தங்களைத் தாங்களே நிலைநிறுத்திக்கொண்டார்கள். இரண்டுமே கடற்கரை ஊர்கள். இங்கிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஒரு படத்தை உடையாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவில் ஒரு மாத அச்சு வேலை முடிந்துவிடும். விற்றாலும் பெரிய கேலரிகளில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதி, அவர்களுக்குப் போகும். அவர்களுக்கும் வாடகை, மின்சாரம் இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வலையில் சிற்பம் செய்கிற அந்தத் தம்பிக்கு அது கட்டுப்படியாகாது.

அறையை அரசிடம் கேட்டுக்கொள்கிறோம், மனு கொடுத்திருக்கிறோம். உங்களிடம் கேட்பது பத்திரிகை மட்டுமே செய்யக்கூடியது. கண்காட்சி தொடங்கும் முன்போ தொடங்கிய அன்றோ, எங்கே, எதுவரை, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று நான்கு வரி போடுங்கள். புகைப்படம் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் ஒரு படைப்பின் படத்தைப் போட்டு, அதன் கீழே செய்தவர் பெயரும், எதில் செய்தது என்பதும், எந்த ஊர் என்பதும் இருக்கட்டும். விருந்தினர் பெயர்களைச் செய்திக்குள் போட்டுக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் நாங்கள் பேசிக்கொள்கிறோம். எழுத வருகிற நிருபர் ஓவிய விமர்சகராக இருக்க வேண்டும் என்பதில்லை. மீன் ஏலத்தைப் பற்றி எழுதும்போது என்ன மீன், எந்தக் கடல், என்ன விலை என்று கேட்டு எழுதுகிறாரே, அதே மாதிரி இங்கேயும் என்ன, எப்படி, எதற்காக என்று கேட்டால் போதும். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் அந்த நான்கு வரியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், அவர்களில் பலர் எங்களிடம் கேட்பதும் அதுதான்: எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் வந்திருப்போமே.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம், இந்த முறை பாம்பனில். அழைப்பிதழ் உங்கள் அலுவலகத்துக்கு வரும். தொடக்க விழாவுக்கு உங்கள் நிருபர் வராவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் பிற்பகல், பாசிக்குப் போன அக்காமார் கரை திரும்பியபிறகு வரச்சொல்லுங்கள், அவர்களிடமும் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓவியர்,
பாம்பன்