தோற்ற அணிக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு நன்றி

எங்கள் கைப்பந்து ரசிகர்கள், முன்னாள் மாணவிகள், அவர்களின் பெற்றோர் ஆகிய அனைவருக்கும் பணிவான வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், பாளையங்கோட்டை வட்டாரத்து மூன்று கல்லூரிகளின் கைப்பந்துப் பயிற்சியாளர்களான நாங்கள் உங்கள் முன் வந்து அமர்ந்து, எங்கள் அணிகள் ஏன் இப்படிச் சரிந்தன, அவற்றை எப்படித் திரும்பக் கட்டப்போகிறோம் என்பதைப் பற்றி ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேசினோம். கோப்பை வென்ற ஆண்டில் மாலையோடு வருவதற்கு ஆள் பஞ்சம் இருப்பதில்லை. களமிறங்கிய எங்கள் இரண்டு அணிகளும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் இரண்டு சுற்றுகளுக்குள்ளேயே வெளியேறிய ஆண்டில், விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து நீங்கள் வந்தீர்கள். வந்ததோடு நில்லாமல் பலவகையில் கைகொடுத்தும் விட்டீர்கள். அவற்றுக்கு மூவரின் சார்பிலும் நன்றி கூறவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி பந்தல் கடை அண்ணாச்சிக்கு. கூட்டத்துக்கு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த அரங்கு, முந்தின நாள் மாலையில் இல்லையென்று ஆகிவிட்டது. காரணம் கேட்டு அலைவதற்கு நேரமில்லாததால் மைதானத்திலேயே நடத்துவதென்று முடிவு செய்தோம். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்த எங்களிடம் வாடகை பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாள் நண்பகலுக்குள் நாற்காலிகளையும் இரண்டு டியூப் லைட்டுகளையும் தட்டு வண்டியில் ஏற்றி அனுப்பியவர் அவர். ஆறரை மணியளவில் மின்சாரம் போனபோது, தம் வீட்டிலிருந்து ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஓட்டிய மின்பணியாளருக்கும், கேட்காமலேயே இரண்டு முறை சுக்குக்காபி கொடுத்தனுப்பிய கடைக்காரருக்கும் அன்று வாய்விட்டு நன்றி சொல்லத் தவறிவிட்டேன். இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

கல்லூரி அணி என்பது நிலையாக நிற்கும் அணி அன்று. வங்கி அணியிலும் இரயில்வே அணியிலும் ஒருவர் பத்து ஆண்டுகள் ஆடலாம். எங்களிடம் வரும் மாணவி மூன்று ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 25 வயது வரை ஆட இடமிருந்தாலும், முதுகலைக்குத் தங்குகிற ஆட்டக்காரிகள் சிலரே. என்னுடைய பன்னிரண்டு பேரில் ஏழு பேர் ஒரே ஆண்டில் வெளியேறினார்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தி செட்டர். பழைய ஆட்கள் இன்றும் 'லிஃப்டர்' என்று அழைக்கும் அந்த இடத்தில் நிற்பவள்தான் தன் அணியின் இரண்டாவது தொடுகையாகப் பந்தைத் தூக்கிக்கொடுத்து, யார் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள். அட்டாக்கர் ஒருத்தி போனால் வேறொருத்தியை ஓராண்டில் தேற்றிவிடலாம். செட்டர் போனால், மீதமுள்ள ஐவரின் கால்களும் எந்தப் பந்துக்கு எப்போது ஓட வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றன. எங்களுக்கு நேர்ந்தது அதுதான். உங்களில் பலர் அதை மைதானத்தின் ஓரத்திலிருந்தே கண்டுகொண்டீர்கள் என்பது அன்றைய கேள்விகளில் தெரிந்தது.

என்னோடு அமர்ந்திருந்த ஆடவர் கல்லூரிப் பயிற்சியாளரின் நிலை வேறு. அவருடைய இரண்டு சிறந்த ஆட்டக்காரர்களுக்குப் பருவத்தின் நடுவில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டது. "என் அணி உடைந்ததில் எனக்கு வருத்தம், அவன் வீட்டு அடுப்பு எரிவதில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது" என்று அவர் சொன்னபோது கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது; இரயில்வேயும் காவல் துறையும் தம் அணிகளுக்கு ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. இந்த வழி இருப்பதால்தான் கிராமத்துப் பிள்ளைகள் கைப்பந்தைக் கையில் எடுக்கிறார்கள். அதே வழியாகத்தான் எங்கள் அணிகளும் காலியாகின்றன. இதில் குறை சொல்லக்கூடியவர் எவருமில்லை. மூன்றாமவர் இரண்டு ஆண்டுகள் ஆட்டமே இல்லாமல் கிடந்த ஒரு கல்லூரியில் அணியை முதலிலிருந்து தொடங்குகிறார். அவரிடம் இருப்பவை ஒரு வலையும் ஆறு பந்துகளும் பதினோரு பிள்ளைகளும்தான். பன்னிரண்டாவது பிள்ளையைத் தேடித்தருவதாக உங்களில் ஒருவர் எழுந்து சொன்னார். இந்த மடலை எழுதும்போது அந்த மாணவி சேர்ந்து பத்து நாள்கள் ஆகிவிட்டன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி, அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாக எங்கள் ஆட்டங்களைக் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பதை அறிவேன். அவர் கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். வரவு செலவு எழுதுகிறார் என்றே நினைத்திருந்தேன். அன்று அவர் எழுந்தபோது, கேள்வி கேட்கப்போகிறார் என்று மைக்கை நீட்டினோம். அவர் அதை வாங்காமல் நேராக மேசைக்கு வந்து நோட்டைத் திறந்து வைத்தார். பக்கம் முழுவதும் அளவுகோல் வைத்துப் போட்ட கட்டங்கள். மேலே ஆட்டக்காரிகளின் சட்டை எண்கள். இடப்புறம் சர்வீஸ், முதல் பந்து, அடி, தடுப்பு என்ற தலைப்புகள். சரியான செயலுக்கு நீல மையில் ஒரு கோடு, தவறுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. சிவப்புக் கோடுகள் ஐந்து சேர்ந்த இடங்களில் குறுக்காக ஒரு வெட்டு. நாங்கள் ஐந்து செட் ஆடித் தோற்ற ஆட்டத்தின் பக்கத்தில், சர்வீஸ் என்ற வரிசை மட்டும் மிளகாய் காயப்போட்ட முற்றம் போலச் சிவந்திருந்தது.

"டீச்சரம்மா, பிள்ளைக அடிக்கத் தெரியாமத் தோக்கல, சர்வீஸ் போடத் தெரியாமத் தோக்குதுவ" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மடலில் பாதியை அவருக்குக் கொடுக்கலாம். செட்டர் போனதுதான் எங்கள் வீழ்ச்சிக்குக் காரணம் என்று அதுவரை அரை மணி நேரம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று. செட்டர் இல்லாத குறையைச் சர்வீஸால் ஈடுகட்டலாம் என்று எண்ணி, புதிய பிள்ளைகளிடம் எகிறி அடிக்கும் ஜம்ப் சர்வீஸ் போடச் சொன்னவள் நான். பயிற்சியில் பத்துக்கு ஆறு விழுந்தாலே கைதட்டினேன். மீதி நாலும் எதிரணிக்கு நாங்களாகவே கொடுத்த தானம் என்பதைக் கணக்கு ஆசிரியர் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அவர் ஆட்டம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் செட்டுக்கு 15 புள்ளி. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி சேரும். அன்று ஒருவர் சர்வீஸை வலையில் அடித்தால் பந்து எதிரணிக்குப் போகுமே தவிர, புள்ளி போகாது. 1990களின் இறுதியில் விதி மாறி, யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்றும், செட்டுக்கு 25 என்றும் ஆன பிறகு, வலையில் விழும் ஒவ்வொரு சர்வீஸும் கையிலிருந்து நேராகப் போகும் ஒரு புள்ளி. விதி மாறிய அன்றே சர்வீஸுக்குத் தனிக் கட்டம் போடத் தொடங்கிவிட்டாராம். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணி வெண்கலம் வென்ற செய்தியை வானொலியில் கேட்ட நாளில் முதல் நோட்டு வாங்கியதாகச் சொன்னார். 2023-இல் ஹாங்சோவில் நம் அணி ஐந்து செட் ஆடித் தென் கொரியாவை வீழ்த்திய ஆட்டமும் அவருடைய ஒரு நோட்டில் நீலமும் சிவப்புமாக இருக்கிறது. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியில் படித்தவள் நான். ஆறு பேர் ஆட்டத்தில் சர்வீஸ் ஒன்றுதான் அடுத்தவர் தயவில்லாமல் ஒருவர் தனித்துச் செய்வது என்பதை அங்கே முதலாண்டிலேயே கற்றுக்கொண்டேன். கற்றது மறந்துபோயிருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சற்றே வெட்கம் உண்டு.

அன்றிலிருந்து எங்கள் பயிற்சி மாறியிருக்கிறது. காலையில் முதல் இருபது நிமிடம் சர்வீஸ் மட்டும். ஜம்ப் சர்வீஸ் இருவருக்குத்தான். மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து சுழலாமல் மிதந்து போகும் ஃப்ளோட் சர்வீஸைப் பழகுகிறார்கள். அது பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். எடுப்பவளுக்குத்தான் அது கடைசி நொடியில் எந்தப் பக்கம் நழுவும் என்பது தெரியாது. புதிய செட்டருக்கு இந்த ஆண்டு மூன்றே வகைப் பந்துகளைத் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மைதானக் காவலரான பெரியவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பழையது. மகளிருக்கு வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆடவருக்கு 2.43 மீட்டர். ஒரே மைதானத்தில் காலையில் மகளிரும் மாலையில் ஆடவரும் ஆடுவதால் ஒவ்வொரு நாளும் வலையை இறக்கி ஏற்ற வேண்டும். நடுவில் சரியாக இருந்தாலும் ஓரங்கள் இரண்டும் ஒரே அளவில், நடுவை விட 2 சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் இருக்க வேண்டும் என்பது விதி. அளவுநாடா கிழிந்து போன பிறகு அவர் ஒரு சவுக்குக் கம்பைச் செதுக்கி, அதில் கத்தியால் இரண்டு வரி வெட்டி வைத்திருக்கிறார். கீழ் வரியில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கும், அது பிள்ளைகளுக்கு. அன்று வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் ஒருவர் ஐயத்தோடு எஃகு நாடாவை வைத்து அந்த மஞ்சள் கயிற்றை அளந்து பார்த்தார். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பெரியவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

கூட்டத்தில் சூடான பேச்சும் இருந்தது. கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களில் வேறு மாவட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு உள்ளூர்ப் பிள்ளைகளைக் கைவிடுகிறோம் என்று ஒரு தந்தை குற்றம் சாட்டினார். அவர் மகள் எங்கள் தேர்வுக்கு வந்து, தேர்வாகாமல் போனவள். அவருக்கு அன்று சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்கு எங்கள் பிள்ளைகள் தேர்வாகி, தென்மண்டலப் போட்டியில் அந்த அணி முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போக முடியும். அதற்கு உயரமான தடுப்பாட்டக்காரிகள் வேண்டும். உயரத்தை நான் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைதானத்தைத் திறந்துவிடலாமே என்று அவர் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இப்போது சனிக்கிழமை காலைகளில் பள்ளிப் பிள்ளைகளும் எங்களோடு பயிற்சி செய்கிறார்கள். அவர் மகளும் வருகிறாள். கோபித்துக்கொண்டு பேசியதற்காகவும், கோபம் தணிந்த பின்னும் வந்துகொண்டிருப்பதற்காகவும் அவருக்கு நன்றி.

முன்னாள் மாணவிகளைப் பற்றி நீட்டி எழுதினால் அவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். இரயில்வேயில் பணிபுரியும் ஒருத்தி, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஒரு வாரம் புதிய செட்டரோடு நின்றாள். பெயரைச் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்ட இன்னொருத்தி, இறுதியாண்டு மாணவி ஒருத்தி முதுகலையில் சேர்வதற்கான கட்டணத்தை ஏற்றிருக்கிறாள். அதனால் என் அணியில் அடுத்த ஆண்டு ஒரு நல்ல லிபரோ, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் காப்பவள், மிச்சம். அந்த மாணவியின் அம்மா, மகள் ஆடுவதற்கு முதலில் இசையாதவர், கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "இன்னும் ரெண்டு வருஷம்தானே மிஸ், ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் கேட்ட பேச்சுகளில் மிகச் சிறியது அதுதான். வீடு சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பொங்கலையொட்டி நடக்கும் ஊர்ப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகளை இறக்கப்போகிறோம். வெல்வோம் என்று எந்த உறுதியும் கொடுக்கவில்லை. தோற்கும் ஆட்டங்களும் இருக்கும் என்பதை அன்றே சொல்லியிருக்கிறேன். கணக்கு ஆசிரியர் தம் நோட்டை அதற்குள் திருப்பித் தர வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். என் பிள்ளைகள் இருவர் அதை அளவுகோல் வைத்துப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிவப்புப் பேனா இரண்டு முறை தீர்ந்துவிட்டது. பக்கங்கள் இன்னும் பாதி இருக்கின்றன.

மூன்று பயிற்சியாளர்களின் சார்பில்,
தங்கள் அன்புள்ள,
மகளிர் கைப்பந்து அணிப் பயிற்சியாளர்,
பாளையங்கோட்டை