வத்தலக்குண்டிலேயே இறக்கிவைக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீசன் நெருங்கினாலே, 'இரண்டு நாள் கொடைக்கானல் போய்வாருங்கள், மனசு லேசாகிவிடும்' என்கிற பாணியில் கட்டுரைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. அதில் பாதி உண்மை. மரமும் புல்லுமாக இருந்த இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு, தங்களைப் பற்றிய கசப்பான நினைப்புகளை அசைபோடுவது குறைந்தது. வாகனங்கள் ஓடும் சாலையோரம் அதே நேரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இது. ஆனால் கட்டாத தவணை, பதில் சொல்லாமல் விட்ட சம்பந்தி, கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும் பத்திரம் ஆகியவை நடந்து கரைகிற சமாசாரம் இல்லை. மலையடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து கூடவே ஏறி வந்து, கூடவே இறங்கியும் போய்விடும்.

மனநல ஆலோசனைப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். மனதில் அடைந்து கிடப்பதை 'மறந்துடு' என்று சொல்லி விரட்ட முடியாது. 'வெண்கரடியை நினைக்காதீர்கள்' என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடியே திரும்பத் திரும்ப வந்து நின்றதை 1987-லேயே உளவியலாளர் டேனியல் வெக்னர் சோதித்துக் காட்டிவிட்டார். இதை எப்போது, எப்படிக் கவனிக்கப் போகிறோம் என்று குறித்து வைத்தால்தான் மனம் அதை விடும். முடியாத வேலைக்குத் தெளிவான திட்டம் எழுதி வைத்தாலே, வேலை முடியாமலிருந்தும் அதைப் பற்றிய நினைப்பு குறுக்கிடுவது குறைகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-ல் எழுதினார்கள்.

எனவே மலை ஏறுவதற்கு முந்தின நாள், மனதில் கிடப்பதையெல்லாம் எழுத 20 நிமிடம் ஒதுக்குங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும், இரண்டு மூன்று தாள் வேண்டியிருக்கும். போனில் எழுத வேண்டாம். எழுதப் போன கை வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். ஒரு வரிக்கு ஒரு விஷயம். வரிசை பார்க்காதீர்கள், நல்லது கெட்டது பார்க்காதீர்கள். கேஸ் புக் பண்ணுவதும் தம்பியோடு பேச்சு நின்று போனதும் அடுத்தடுத்த வரியில் வரலாம். ஏழெட்டு நிமிடத்தில் 'அவ்வளவுதான்' என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் அங்கேதான் எழுந்துவிடுகிறார்கள். பேனாவைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருங்கள். கனமானவை அதற்குப் பிறகுதான் வரும்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு குறி. உங்கள் கையால் ஆகக்கூடியதற்குக் 'கை'. யாரிடமாவது பேசினால்தான் தீரும் என்றால் 'வாய்'. இரண்டாலும் ஆகாததற்கு ஒரு வட்டம்.

'கை' என்று குறித்ததில்தான் தவறு அதிகம். 'அப்பா கண் ஆபரேஷன்' என்று எழுதிவிட்டு, பட்டியலில் சேர்த்தாயிற்று என்று நிம்மதியாகிறார்கள். அது ஒரு வேலை இல்லை, பத்து வேலைக்கு வைத்த தலைப்பு. இரவு இரண்டு மணிக்கு மறுபடி எழுப்பத்தான் செய்யும். இப்படி எழுதுங்கள்: 'செவ்வாய் காலை 10 மணி. பீரோவிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதி கேட்பது.' நாள், மணி, எந்தப் பொருளைத் தொடுவது என்ற மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த அடி மட்டும் போதும். ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து போடுவது வரை இப்போதே எழுத வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்தில் முடிவதை எழுதக்கூட வேண்டாம், எழுந்து போய் முடித்துவிடுங்கள்.

'வாய்' விஷயங்களை மலைப்பாதையில் எடுக்காதீர்கள். எல்லோரும் ஒரே வண்டியில் இருக்கிறார்கள், யாரும் எழுந்து போக முடியாது என்பதாலேயே பலர் கொண்டை ஊசி வளைவுகளில்தான் பாகப்பிரிவினையை ஆரம்பிக்கிறார்கள். வாந்தியும் வழக்கும் சேர்ந்து வருவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பேச்சு முழுவதையும் ஒத்திகை பார்க்காமல் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: "பெரியப்பா, தோட்டத்துப் பங்கு விஷயமா உங்ககிட்ட அரை மணி நேரம் பேசணும், ஞாயித்துக்கிழமை வரட்டுங்களா?" இதில் குற்றச்சாட்டு இல்லை, நேரம் இருக்கிறது, மறுக்கவும் இடம் இருக்கிறது. ஒத்திகை பார்த்தால் அவர் பதிலையும் நாமே மனதுக்குள் எழுதி, அதற்கும் கோபப்பட்டு முடித்திருப்போம்.

வட்டம் போட்டவை கவலைகள். பிள்ளைக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும், ஸ்கேனில் என்ன வரும் என்பவை. இவற்றுக்கு 1983-ல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் சோதித்த முறை இன்றும் கைகொடுக்கிறது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம், கவலைப்படுவதற்கென்றே. கொடைக்கானலில் இருக்கும்போது ஏரிக்கரையில் ஒரு பெஞ்ச், மாலை நான்கு மணி என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கையில் வேண்டாம், தூங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் துண்டுச் சீட்டில் ஒரு சொல் குறித்து, 'நாலு மணிக்கு' என்று தள்ளிவைத்துவிட்டுக் கண்ணெதிரே இருக்கிற வேலைக்குத் திரும்புங்கள். நாலு மணிக்குச் சீட்டை வரிசையாகப் படித்துக் கவலைப்படுங்கள். அலாரம் அடித்ததும் எழுந்து நடக்க வேண்டும், கவலை தீர்ந்திருக்காவிட்டாலும். சில நாளில் 'உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை, போரடிக்கிறது' என்று பலர் விட்டுவிடுவார்கள். முறை வேலை செய்யத் தொடங்கியிருப்பதன் அடையாளமே அந்தச் சலிப்புதான். ஊர் திரும்பியும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும்.

துக்கத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போனவர்களை நினைப்பது அடைசல் இல்லை, அதைக் கழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆறாத பழைய காயம் வேறு. அதற்கு உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் அறிமுகப்படுத்திய எழுத்துமுறை உண்டு: நடந்ததையும் அப்போது பட்டதையும் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், எழுத்துப்பிழை பார்க்காமல் எழுதுவது. எழுதி முடித்தவுடன் மனம் கனக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே. ஆகவே வண்டி ஓட்டுவதற்கு முன்னாலும் படுக்கப் போகும்போதும் எழுதாதீர்கள். காயம் புதிதாக இருந்தால் சில வாரம் போகட்டும். கை நடுங்குகிற அளவுக்குப் போனால் நிறுத்திவிட வேண்டும். நான்கு நாளும் அதே வாக்கியங்களே வந்தால் அது அசைபோடல்தான், அங்கேயும் நிறுத்துங்கள். தாளைக் கிழித்துப் போடலாம். குடும்ப குரூப்பில் மட்டும் போடாதீர்கள்.

இரவுக்கு ஒன்று. படுக்குமுன் 5 நிமிடம், மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள் என்று பெய்லர் பல்கலைக்கழகத்தின் தூக்க ஆய்வகம் 2018-ல் சொன்னது. 57 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் செலவு ஒரு தாள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி சரியாகத் தூங்குவதில்லை என்பதும் ஆய்வில் தெரிந்ததே. எனவே காட்டேஜின் முதல் இரவை வைத்து 'இங்கே வந்தும் தூக்கம் இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

போனை அணைப்பதற்கு முன், தங்குமிடத்தின் எண்ணை வீட்டில் ஒருவருக்கும் அலுவலகத்தில் ஒருவருக்கும் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் மன்னவனூர், கூக்கல் பக்கம் டவர் விட்டுப்போனதும் பதறி, சிக்னல் தேடி மேடேறுகிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களை 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்க்கைவுக்கு அனுப்பிவிட்டால் புதுச் செய்தி வந்தாலும் மேலே வந்து நிற்காது. எட்டு மணி நேரத்துக்கு மட்டும் மியூட் செய்வதில் பயனில்லை.

மலையிலேயே காட்டேஜும் கடையும் நடத்துகிறவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் 20 நிமிடம் கிடைக்காது. அவர்கள் துண்டுச் சீட்டோடு நிறுத்திக்கொண்டு, தாளை எடுத்து உட்காருவதை ஜூனில் வைத்துக்கொள்ளலாம்.

இவை எதுவும் நோய்க்கு மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரு வேண்டுகோள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று அது கேட்கிறது. சீசன் இணைப்பிதழில் இ-பாஸ் எடுக்கும் விவரம் போடும்போது, பக்கத்தில் நான்கு விரற்கடை அகலத்துக்குக் கோடு மட்டும் போட்டு வெற்றிடமாக விடுங்கள். தலையில் 'கை, வாய், வட்டம்' என்றும் அடியில் 14416 என்றும் அச்சிட்டால் போதும். மீதியை வாசகர்கள் வத்தலக்குண்டு டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்,
கொடைக்கானல்.