தோட்டத்து லைனுக்கு சாஃப்ட்னர் ஏன் மாட்ட மாட்டோம்னா

வணக்கமுங்க.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துல நம்ம கடைல சொட்டுநீர் போட்ட எல்லாருக்கும் இந்த மடல். இந்தக் கோடைல நிறையப் பேரு வந்து ஒரே விஷயம்தான் கேட்டாங்க, ட்ரிப்பர்ல, அதான் தண்ணி சொட்டுற முனைல, வெள்ளையா அடைக்குது, வீட்டுக்கு வச்ச மாதிரி தோட்டத்து போருக்கும் உப்புத் தண்ணிய மென்மையாக்குற சாஃப்ட்னர் ஒண்ணு மாட்டிக் கொடுங்கன்னு. மாட்ட மாட்டோம்னு சொன்னதுல சிலருக்கு வருத்தம்.

அந்த வெள்ளை சுண்ணாம்புங்க. அது பைப்புக்குத்தான் எதிரி, மண்ணுக்கு இல்ல, நம்ம கரிசல் மண்ணு பொலபொலன்னு இருக்குறதே அந்தக் கால்சியத்தாலதான். சாஃப்ட்னர் என்ன பண்ணுது, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிச்சு வச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்தை விடுது, அதுக்குத்தான் உப்பு மூட்டை வாங்கிப் போடுறோம். தண்ணில இருக்குற உப்பு குறையறதே இல்ல, ஆள்தான் மாறுது. ஹார்ட்னஸ், அதான் தண்ணியோட கடினத்தன்மை, லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்குற தண்ணின்னா சாஃப்ட்னர் வழியா வரும்போது 1000 லிட்டருக்கு 230 கிராம் சோடியம் ஏறும். ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு 60 லிட்டர்னு வைங்க, தினமும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சோடியத்தை நீங்களே காசு கொடுத்து தோப்புல கொட்டுறீங்க. சோடியம் ஏறின கரிசல் மண்ணு நனைஞ்சா களியாட்டம் மூடிக்கும், தண்ணி இறங்காது, காஞ்சா பாறையாட்டம் கெட்டியாயிரும்.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு காய்கறித் தோட்டத்துக்கு நாங்களே ஒண்ணு மாட்டிக் கொடுத்தோம். ட்ரிப்பர் அடைக்கவே இல்ல, ஆனா அடுத்த வருசம் பாத்தியில தண்ணி தேங்கி நின்னுச்சு, மண்வெட்டி இறங்கல. அது எங்க தப்புத்தான், அதைக் கழட்டினதுல இருந்து தோட்டத்துக்கு விக்கறது இல்லன்னு முடிவு பண்ணிட்டோம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். சோப்பு நல்லா நுரைக்குது, பருப்பு வேகுது, அதனால நல்ல தண்ணின்னு நம்புறோம். சில போர்ல இயற்கையாவே சோடியம் பைகார்பனேட் தண்ணி வரும், பைப்புல ஒரு பொட்டு வெள்ளை படியாது, மண்ணைத்தான் கெடுக்கும். தண்ணில கரைஞ்ச மொத்த உப்பைக் காட்டுற டிடிஎஸ் பேனாவை முக்கிப் பாத்தா இது தெரியவே தெரியாது, 800 காட்டுற ரெண்டு தண்ணில ஒண்ணு மண்ணுக்கு ஆகும், இன்னொண்ணு ஆகாது. அதனால லேப்ல ஆர்எஸ்சி என்னன்னு கேளுங்க, கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கால்சியம் மெக்னீசியத்தை விட எவ்வளவு மிஞ்சி நிக்குதுங்கற கணக்கு அது. 1.25க்குள்ள இருந்தா பயமில்ல, 2.5க்கு மேல போனா அப்படியே பாய்ச்சக் கூடாது. ஜிப்சம் கலந்து குறைக்கலாம், ஒரு யூனிட் குறைய 1000 லிட்டருக்கு 86 கிராம் சுத்த ஜிப்சம் வேணும், தொட்டில ஜிப்சத்தைப் போட்டு அது மேல தண்ணிய ஓடவிட்டா போதும். ஆழியாத்துத் தண்ணி வாய்க்கால்ல வர்ற நாள்ல போர் தண்ணியோட கலந்து விட்டாலும் நல்லதுங்க.

அப்போ அடைப்புக்கு என்ன பண்றது? ஆசிட் ட்ரீட்மென்ட்தான். கடைசி ட்ரிப்பர்ல பிஎச், அதான் அமிலத்தன்மை அளவு, 4 காட்டுற வரைக்கும் ஆசிட் கலந்து விட்டு, ராத்திரி அப்படியே நிறுத்தி வச்சு, காலைல பைப்பு கடைசில இருக்குற மூடி (எண்ட் கேப்) எல்லாத்தையும் தொறந்து ஃப்ளஷ் பண்ணிடுங்க. தண்ணில ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தவே கூடாது, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போடாம தொடாதீங்க. முதல் தடவை எங்க பசங்க வந்து செஞ்சு காட்டுவாங்க, கூலி வேண்டாம்.

தண்ணி டெஸ்ட்டுக்கு, மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணில கழுவின ஒரு லிட்டர் பாட்டில்ல காத்து நிக்காம தளும்ப அடைச்சு, பேரும் போர் ஆழமும் எழுதி ஒட்டிக் கொண்டு வாங்க. சனிக்கிழமை காலைல எங்க வண்டி கோயமுத்தூர் போகுது, வேளாண் பல்கலைக்கழக லேப்ல கொடுத்துட்டு வர்றோம். லேப் ஃபீஸ் மட்டும் உங்களது. பாட்டில் அன்னிக்குக் காலைல பிடிச்சதா இருக்கட்டும், ஏழு மணிக்குள்ள கடைக்கு வந்துடணும்.

இப்படிக்கு,
சொட்டுநீர் கடை, கொழிஞ்சாம்பாறை