அது வெறும் நகல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜேட் என்னும் கடினமான கல்லில் செய்த சீனத்து ஜாடி ஒன்றின் வண்ணப்படத்தைப் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் படத்தின் கீழே, "பழைய வெண்கலப் பாத்திரத்தின் நகல், கற்பனை வற்றிய காலத்தின் கைவேலை" என்று ஒரு வரி. அச்சுக்குப் போகும் முன் அது யாருக்குமே உறுத்தவில்லையா?

சீனாவை ஆண்ட சியன்லுங் பேரரசர் தம் அரண்மனையில் இருந்த பழைய வெண்கலங்களுக்கு 1749-இல் படங்களுடன் பட்டியல் தயாரிக்க ஆணையிட்டதும், அதில் 1,500-க்கும் மேற்பட்டவை இடம்பெற்றதும் தங்களுக்குத் தெரியாததல்ல. அன்றைய பட்டறைகள் நல்ல ஜேட்டைக் கண்டபடி துளைத்து, பூவும் கொடியுமாக நெருக்கியடித்து விற்றுக்கொண்டிருந்தன. கல் பாழாகிறதே என்று பேரரசர் கவிதையிலேயே நொந்துகொண்டார். ஷாங், சௌ என்ற பழஞ்சீன அரச மரபுகளின் காலத்து வெண்கலச் சடங்குப் பாத்திரங்களின் வடிவங்களை நோக்கிக் கைவினைஞர்களை அவர் திருப்பியது அந்த வருத்தத்தில்தான். 1759-இல், ஜேட் கிடைக்கும் மேற்குப் பகுதிகளான கோத்தானும் யார்க்கண்டும் அவர் ஆட்சியின் கீழ் வந்த பிறகு அங்கிருந்து கற்கள் தாராளமாக வந்து சேர்ந்தன. செய்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. சியன்லுங் காலத்தில் பழமையைப் பின்பற்றிச் செய்தது என்று பல ஜாடிகளின் அடியில் பொறித்தே வைத்தார்கள். இவ்வளவு வெளிப்படையாக நின்றவர்களையா கற்பனை வற்றியவர்கள் என்பது?

நான் திருச்சியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்தவன். கல் எப்படி வழிக்கு வரும், எங்கே கழுத்தறுக்கும் என்பது என் விரல்களுக்குத் தெரியும். மகன் தைபேயில் வேலை பார்த்தபோது அங்குள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட ஜாடிகளைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர மனமில்லை. ஷாங் காலத்து வெண்கலங்களில் மேலிருந்து கீழாக ஓடும் புடைப்பு வரம்புகளைக் கவனித்திருப்பீர்கள். களிமண் அச்சைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தி, அதில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றினார்கள். துண்டுகள் சேரும் இடங்களில் அந்த வரம்புகள் அமைந்தன. ஜேட்டில் அச்சு ஏது, சேர்மானம் ஏது? ஒரு வரம்பு எழுந்து நிற்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் தேய்த்தே கழிக்க வேண்டும். காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரம், ஈர மணல், பொறுமை, இவற்றைக் கொண்டுதான் அத்தனையும். பட்டை பிசகினால் நாங்கள் இன்னும் கொஞ்சம் தேய்த்துக் கல்லைச் சிறிதாக்கிக் காப்பாற்றிவிடுவோம். அங்கே வரம்பின் ஓரம் ஒரு நெல்லளவு பெயர்ந்தாலும் திரும்ப வழியில்லை. சில ஜாடிகளின் காதில் தொங்கி ஆடும் வளையமும் அதே கல்லிலிருந்து பிரித்தெடுத்ததுதான், ஒட்டு கிடையாது. இதற்குக் கைவேலை என்று ஒரு சொல் போதும் என்று நினைத்துவிட்டீர்கள்.

இது முதல் முறையும் அல்ல. முன்பு ஒரு கட்டுரையில் ஜேட்டை உளி வைத்துச் செதுக்குவதாக எழுதினீர்கள். மறுத்து நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. ஜேட் என்றாலே பச்சைதான் என்று இன்னொரு முறை எழுதினீர்கள். கோத்தானின் வெள்ளைக் கல்லைத்தான் சீன அரசர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஏலத்தில் எத்தனை கோடிக்குப் போனது என்பதை மட்டும் ஒருபோதும் தவறவிடுவதில்லை. உட்குடைவு எப்படிச் செய்தார்கள், எந்தக் கல், எவ்வளவு உயரம் என்று ஒரு வரிக்கு இடம் கிடைப்பதில்லை. கைத்தொழில் செய்கிறவனும் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான். அவனுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

திருத்தமோ வருத்தமோ வெளியிடச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. அடுத்த முறை இத்தகைய படம் வரும்போது அதன் கீழே காலம், கல், உயரம், இருக்கும் அருங்காட்சியகம் ஆகிய நான்கையும் போடுங்கள். முடிந்தால் ஜாடியின் அடிப்பகுதியையும் ஒரு சிறு படமாகச் சேருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.