குட்டி யானையை விற்கவில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அன்று போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே உன் அம்மா நின்றுகொண்டு, "கேளு, நல்லாக் கேளு" என்று உன் கட்சி பேசிக்கொண்டிருந்தாள். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

நம் குட்டி யானையை, அந்த டாடா ஏஸ் லோடு வண்டியை, இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, மேலே கொஞ்சம் பணம் வைத்து நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டியாக வாங்கிவிடலாமே என்று கேட்டாய். கணக்கு நீ சொல்வதுதான். ஆனாலும் நான் விற்கப்போவதில்லை.

அந்த வண்டி ஓடிச் சம்பாதித்த காலம் முழுக்க அதற்கு யாரும் முழுசாக வேலை பார்த்தது கிடையாது. தொழில் அப்படி. மல்லிகையை மொட்டாகப் பறித்து, விடிந்ததும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்த்தால்தான் விலை. முகூர்த்த நாள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்த முடியுமா? அடியில் எடை தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளில் மெயின் பட்டை உடைந்தால் அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றுவோம். பிரேக் ஒழுகினால் ஒழுகுகிற சக்கரத்தை மட்டும் பிரிப்போம். பாடியில் ஓட்டை விழுந்தால் அதன் மேலேயே ஒரு தகட்டை அடிப்போம். அன்றைக்கு லோடு போனால் சரி. உன் காலேஜ் ஃபீஸ், மாடி கட்டினது, பாட்டியின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் இந்த ஒட்டுப்போட்ட வண்டி ஓடி ஓடி வந்த காசுதான். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. அதற்குச் செய்ய வேண்டிய வேலையை ஒருமுறையாவது முழுசாகச் செய்துவிட வேண்டும், பாப்பா. வேறொரு வண்டி வாங்கினால் அது எப்படித் தீரும்?

அது வந்தபோது நீ சின்னப்பிள்ளை. அதற்கு முன்னால் நம்மைப் போன்றவர்களுக்கு இருந்த வழி இரண்டுதான்: மூன்று சக்கர லோடு ஆட்டோ, இல்லையென்றால் பெரிய வண்டி. மூன்று சக்கரத்தை வைத்துக்கொண்டு ரிங் ரோட்டில் போனால் பக்கத்தில் லாரி கடக்கிற காற்றுக்கே ஆட்டம் கொடுக்கும். பெரிய வண்டியோ வெளிவீதியைத் தாண்டி உள்ளே சந்துகளில் நுழையாது, தவணையும் நமக்குக் கட்டாது. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர் டீசல் இன்ஜின், 702 சிசி, 16 குதிரைசக்தி. கணக்குக்கு 750 கிலோ ஏற்றலாம். நம்முடையது 2006 மாடல். நீ இப்போது குடியிருக்கிற புனேயில்தான் அந்தச் சமயம் செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம்தான் உத்தரகாண்டில் பந்த்நகருக்கு மாறியது. ஓட்டுநராகக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எத்தனையோ பேரை அது சொந்த வண்டிக்காரர்களாக ஆக்கியது. அவர்களில் நானும் ஒருத்தன்.

சரி, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்கிறேன். பின்னால் உள்ள லோடு பாடியை முழுசாகக் கழற்றி இறக்கிவிட்டோம். போல்ட் ஒன்றும் லேசில் வரவில்லை. ராத்திரியே டீசலை ஊற்றி ஊறவைத்து, காலையில் கேஸ் வைத்துச் சூடேற்றித் திருப்பினோம். அப்படியும் சிலதை அறுத்துத்தான் எடுத்தோம். ஈரச்சாக்கில் பூவும், பரவை மார்க்கெட்டிலிருந்து கீரையும் காயும் ஏற்றிய வண்டி அல்லவா, தண்ணீர் எங்கே எல்லாம் இறங்கி நின்றிருக்கிறது என்பது பாடியைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நீளத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. குறுக்குச் சட்டம் வந்து சேர்கிற மூலைகளில் மட்டும் மண்ணும் சருகும் சேர்ந்து, அதற்கடியில் துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான் சோதனை. கணீரென்றால் இரும்பு இருக்கிறது, மொத்தென்றால் போய்விட்டது. போன இடத்தை அறுத்து அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இரும்பு வெள்ளையாகத் தெரிந்த அன்றைக்கே துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பூச்சு அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் மறுபடி செம்மை பூத்துவிடும்.

பெயின்ட் கடைசியில்தான். இதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. நம் பக்கத்தில் பழைய வண்டி சரிபண்ணுகிறேன் என்று ஆரம்பிக்கிற பாதிப்பேர் முதலில் பட்டி போட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்து, முன்னால் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அடியில் சேஸுக்குக் கறுப்பு அடித்து மறைத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் பட்டி வெடித்து உள்ளேயிருந்து துரு எட்டிப்பார்க்கும். நீ வாங்கச் சொல்கிற செகண்ட் ஹேண்ட் வண்டி அப்படி ஒன்றாக இருந்தால் என்ன செய்வது? இந்த வண்டியின் குறை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். முதலில் சேஸ், அடுத்து பிரேக், அதற்கப்புறம் இன்ஜின். பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற வேலை எல்லாம் அதற்குப் பின்னால்.

பிரேக்கில் மிச்சம் வைக்கவில்லை. நான்கு சக்கரத்தையும் பிரித்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் வரைக்கும் புதுசு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் சிலிண்டரை உள்ளேயே அரித்துவிடும். உன் காரிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல். இதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

இன்ஜினைப் பற்றித்தான் உனக்கு நிறைய எழுத ஆசை. அது சீட்டுக்கு அடியில் இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும், சூடு தாங்காமல் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்வாய். நீலப்புகை வந்துகொண்டிருந்தது. ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இறக்கிப் பிரித்து பிளாக்கை கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். பிஸ்டனின் மேல் ரிங் வந்து திரும்புகிற இடத்தில் போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற துளை, நன்றாகத் தேய்ந்திருந்தது. தேய்மானம் எப்போதும் அங்கேதான் அதிகம். அந்தத் துளையைச் சீராகக் கடைந்து, அந்த அளவுக்கு பிஸ்டனும் ரிங்கும் வாங்கியாயிற்று. டீசலைத் தூவுகிற நாசிலை பம்ப் கடையில் டெஸ்டரில் மாட்டிப் பார்த்ததில் ஒன்று புகைபோலத் தூவியது, இன்னொன்று சொட்டுவிட்டது. இரண்டையும் மாற்றிவிட்டேன்.

இன்ஜினுக்குள் காற்றும் புகையும் போய்வருகிற வழியை மூடித் திறப்பது வால்வு. அந்த வேலையை மட்டும் வெளியே கொடுக்காமல் நானே உட்கார்ந்து செய்தேன். வால்வு உட்காரும் விளிம்பில் மணல் போன்ற அரைக்கிற பேஸ்டைத் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை அதன் மேல் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்து கடைவது போல உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வரும். அவ்வப்போது தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடி உருட்டினால் சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, கைக்கு வழவழவென்று தட்டுப்படும். துடைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிற வளையம் தெரியும். அது எங்கும் அறுபடாமல் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு நூல் அளவு அறுந்திருந்தாலும் அந்த வழியாக கம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுக்கப்பட்ட காற்று, ஒழுகும். கடைசியில் எல்லாவற்றையும் கழுவி மாட்டி, வால்வுகள் உட்காரும் ஹெட்டைக் கவிழ்த்துவைத்து வால்வின் மேல் டீசலை ஊற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, பாப்பா. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் குனிந்து பார்த்துவிட்டு, "சொட்டலையே!" என்றாள்.

உன் மாமா, இத்தனை செலவுக்கு விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து நல்ல இன்ஜினாகப் பார்த்துத் தூக்கி வைத்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்ஜின் நம்பர் ஆர்சியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், மாற்றினால் ஆர்டிஓவில் அதைப் பதியவைக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதே இன்ஜின்தான் ஓட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இத்தனை வருஷம் இழுத்தது இதுதானே.

உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. கனமான எதையும் நான் தனியாகத் தூக்குவதில்லை. ஷெட்டில் குறுக்கே இரும்பு பீம் போட்டு செயின் பிளாக் தொங்கவிட்டிருக்கிறேன். உன் பெரியப்பா மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரையும் படுக்க விடுவதில்லை, அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான். தகரக் கூரை என்பதால் பத்து மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம், அவ்வளவுதான் வேலை.

பணமும் அனுப்ப வேண்டாம். இருபது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. சாமான் கிடைக்காமல் அலைகிற நிலைமை இல்லை. பட்டை, கிளட்ச், லைட் எல்லாம் மதுரையிலேயே கிடைக்கிறது. பேரிங், ஆயில் சீல் மாதிரி உள்ளே போகிற சாமானை மட்டும் விலை பார்க்காமல் ஒரிஜினலாக வாங்குகிறேன். அதற்குப் பூவில் வருகிற காசு போதும்.

சரிபண்ணி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பாய். ஓட்டத்தான். அலங்காரமாக நிறுத்திவைக்க இல்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு, நம் தோட்டத்துப் பூவையும் பக்கத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பூவையும் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். இப்போது வாடகை வண்டிக்காரர் வருகிற நேரத்துக்கு நாங்கள் காத்திருக்கிறோம். ராத்திரி ஓட்டம், வெளியூர் ஓட்டம் எதுவும் கிடையாது. உன் அம்மாவுக்கு அந்த உறுதியைக் கொடுத்துவிட்டேன், உனக்கும் கொடுக்கிறேன்.

இன்னொரு விஷயம். "மஞ்சள் போர்டு வண்டியை நான் எப்படி ஓட்ட முடியும்?" என்று முன்பு ஒருதடவை நீ கேட்டாய். உன்னிடம் இருக்கிற கார் லைசென்ஸே போதும். லோடோடு சேர்த்து மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை அந்த லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். நம் வண்டி அதில் கால்பங்குகூட வராது.

வயரிங் மட்டும் தொடாமல் வைத்திருக்கிறேன். ஹார்னஸ், அதாவது ஒயர்க் கட்டு, நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் ஒரு ஒயரை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறான். நீ எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் (ஈஈஈ) படித்தவள், இதை நீ பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. பொங்கலுக்கு நாலு நாள் கூடுதலாக லீவு கேள். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்று புலம்பாதே. வரும்போது உன் மல்டிமீட்டரைக் கொண்டு வா. இங்கே இருப்பது சரியாகக் காட்டவில்லை.

அன்புடன்,
அப்பா