எச்பிஏ1சி எண்ணைப் போடும்போது ஹீமோகுளோபினைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீரிழிவைப் பற்றி நம் பத்திரிகைகளில் கட்டுரைக்குப் பஞ்சமே இல்லை. சோற்றைக் குறை, தினமும் நட, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் குடி, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் எண் 7 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். எல்லாம் சரிதான், யாரும் மறுக்கப் போவதில்லை. 2016ல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று சிங்கப்பூர் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து இந்த எண் வீட்டுக்கு வீடு புழங்குகிறது. கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் கைப்பேசியில் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு "எனக்கு 6.8, உங்களுக்கு எவ்வளவு?" என்று கூட்டாளியைக் கேட்கிறார், அவர் 8.1 என்று சொன்னால் உடனே அறிவுரை ஆரம்பமாகிவிடுகிறது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், "மூணு மாசச் சர்க்கரை" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பரிசோதனைக்கூடத்தில் பார்ப்பது ஒரு புரதத்தை, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை. அந்தப் புரதம் ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது, ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. நுரையீரலில் ஒரு சங்கிலி ஆக்சிஜனைப் பிடித்ததும் மொத்த மூலக்கூறின் வடிவமே சற்றுத் திரும்புகிறது, அதனால் மற்றவை இன்னும் சுலபமாகப் பிடிக்கின்றன. தசைக்குப் போனதும் அதே வேலை தலைகீழாக நடந்து ஆக்சிஜன் இறங்குகிறது. கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெருட்ஸ் 1937ல் இந்தப் புரதத்தின் வடிவத்தைத் தேட ஆரம்பித்து, 20 ஆண்டுகளுக்கு மேல் அதோடு மல்லுக்கட்டி, 1962ல் நோபெல் பரிசு வாங்கினார். சரி, சர்க்கரை எங்கே வருகிறது? ரத்தத்தில் ஓடும் குளூக்கோஸ், பீட்டா சங்கிலியின் நுனியில் உள்ள வேலின் என்ற அமினோ அமிலத்தில் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அநேகமாகக் கழலுவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதற்குள் நூற்றுக்கு எத்தனை ஹீமோகுளோபினில் இப்படிச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் எச்பிஏ1சி.

இது புரிந்தால் மற்றதும் தானாகப் புரியும். சிவப்பணு 120 நாள் வாழாமல் சீக்கிரமே உடைந்து போகிறவர்களுக்குச் சர்க்கரை ஒட்ட நேரம் போதாது, எண் குறைவாகக் காட்டும். இரும்புச் சத்துக் குறைவால் சோகை உள்ளவர்களுக்கு எண் உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். ஹீமோகுளோபினிலேயே மாற்றம் இருந்தால் சில வகைக் கருவிகள் தடுமாறுகின்றன.

இதெல்லாம் எங்கோ நூற்றில் ஒருவருக்கு என்று தள்ளிவிட முடியாது, குறிப்பாகச் சிங்கப்பூரில். இங்கே 1965லிருந்து பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் தாயிடம் சொல்லி அனுப்புவார்கள், துணி அலமாரியில் நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், சில மாத்திரைகளைத் தொடாதீர்கள் என்று. ஜி6பிடியும் ஒரு புரதம்தான், சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பது அதன் வேலை. மரபணுவில் சிறு மாற்றம் இருந்தால் புரதம் உருவாகும், ஆனால் கட்டுக்கோப்பு நிலைக்காது. மற்ற செல் என்றால் புதிதாகச் செய்துகொள்ளும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, பழையது கெட்டால் கெட்டதுதான், அணுவும் சீக்கிரம் உடையலாம்.

என் சித்தப்பா மகனுக்கு இந்தக் குறைபாடு உண்டு. பிறந்தபோது சொன்னது, குடும்பத்தில் எல்லாரும் மறந்துபோன சங்கதி. ஐம்பது வயதுக்கு மேல் அவனுக்கு இனிப்புநீர் வந்தது. எச்பிஏ1சி 6.4 என்று வர, "பார்த்தியா, கட்டுப்பாட்டுல இருக்கு" என்று அவன் பிரியாணியை விடவில்லை. வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் காலையில் வெறும் வயிற்றிலேயே 9 மில்லிமோல், சாப்பிட்ட பிறகு 12க்குப் பக்கம். கருவிதான் பழுது என்று புதிதாக ஒன்று வாங்கினான், அதுவும் அதையே காட்டியது! பலதுறை மருந்தகத்தில் ஓர் இளம் டாக்டர் இரண்டு எண்ணும் ஒத்துவரவில்லையே என்று யோசித்து, ஜி6பிடி உண்டா என்று கேட்டு, ஃபிரக்டோசமைன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் முதலான புரதங்களில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும் சோதனை அது, கடந்த இரண்டு மூன்று வாரக் கணக்கைக் காட்டும், சிவப்பணுவின் ஆயுளோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. முடிவு வந்ததும் மருந்து கூடியது. பிரியாணியும் குறைந்தது, அது வேறு கதை.

அப்புறம் தலசீமியா, ஹீமோகுளோபினின் சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரைக் குறைபாடு. சிங்கப்பூரில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினர் அதைச் சுமப்பவர்கள், தங்களுக்கு ஒன்றும் செய்யாததால் பலருக்கு அது தெரிவதில்லை. 1992லிருந்து தேசிய தலசீமியா பதிவகம் இதற்கென்றே இருக்கிறது. பெற்றோர் இருவருமே பீட்டா தலசீமியாவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த நோயில் கெடுதல் செய்வது இல்லாத பீட்டா சங்கிலி மட்டுமல்ல, ஜோடி கிடைக்காமல் மிஞ்சிப்போன ஆல்ஃபா சங்கிலிகளும்தான். அவை ஒன்றோடொன்று கட்டியாகி, எலும்பு மச்சையிலேயே சிவப்பணுவைப் பிறக்கவிடாமல் கொல்கின்றன. நோயில்லாமல் சுமக்க மட்டும் செய்பவரின் சிவப்பணு சிறிதாக இருக்கும். அதைப் பார்த்து இரும்புச் சத்துக் குறைவு என்று தாமாகவே முடிவு கட்டி, வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குகிறவர்கள் நம்மில் உண்டு.

சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் அரிவாள் செல் நோய் ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பதை 1952லேயே கண்டு எழுதிவிட்டார்கள். பீட்டா சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் ஆறாவது ஒன்றுதான் மாறியிருக்கிறது. அந்த ஓர் இடம் பசைபோல் ஆகி, ஆக்சிஜன் இறங்கியதும் மூலக்கூறுகள் ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன.

நம் பத்திரிகைகளில் புரதம் என்றால் முட்டை, பருப்பு, உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் குடிக்கும் பவுடர், அவ்வளவுதான். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும் என்று 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜி.என். ராமச்சந்திரன். அவர் பெயரில் உள்ள வரைபடத்தை உலகம் முழுக்க மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள், நாம் தமிழில் அவரைப் பற்றி எத்தனை பத்தி எழுதியிருக்கிறோம்?

எச்பிஏ1சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்களுக்கு அது நம்பகமான சோதனைதான். அடுத்த முறை அந்த அட்டவணையை அச்சிடும்போது அடியில் நான்கு வரி சேர்த்தால் போதும்: ஜி6பிடி, தலசீமியா, சோகை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் சொல்லுங்கள், விரலில் குத்திப் பார்க்கும் அளவோடு ஒத்துவரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள், உங்கள் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட்டு மருந்தை நீங்களே குறைக்காதீர்கள். இடம் இருந்தால் ஹீமோகுளோபினின் படம் ஒன்றும் போடுங்கள், தமிழில் பெயர் குறித்து.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்